வலது பாதி

பல் டாக்டர் கேட்டது பெரிய உதவி ஒன்றுமில்லை. அவன் மனைவி பாதியில் விட்டுப்போன வார்ப்பு அச்சை முடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டைத் திறந்துவிட்டால் போதும். அதைக் கேட்கும்போது வாசலில் நின்றபடி செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி இருந்திருந்தா இந்நேரம் வண்டி ரோட்டுல ஓடியிருக்கும், தம்பி."

"யாரு மேஸ்திரி?"

டாக்டர் முழித்தார். "அவங்கதான். உங்க வீட்டுல. ஷெட்டுல அப்படித்தான் கூப்பிடுவேன்."

தன் மனைவிக்கு இன்னொருவர் வைத்த பெயர் ஒன்று இருந்தது என்பதையே அவன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். நல்ல பெயர். பொருத்தமான பெயர். அதுதான் எரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்தினான். அவர் செருப்பைக் கழற்றவே இல்லை.

அவள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதில் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தான். மோதி நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, யார்மேல் தப்பு என்று எழுதுவது வேலை. அவளோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சும்மா இருந்தால் கை அரிக்கிற ரகம். மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைத் தானே கட்டுகிறேன் என்று ஆரம்பித்தாள். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற வண்டி; மழை, காற்று படாமல் மேலே ஃபைபர் ஓடு. இதே பைத்தியம் பிடித்த பல் டாக்டர் அவளுக்கு எப்படியோ அகப்பட்டார். ஞாயிறானால் இரண்டு பேரும் ஷெட்டில். ஃபைபரில் ஊற்றி இறுக்குகிற ரெசினின் நெடி வீட்டுக்குள் வரும். அவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேப்பர் படிப்பான். "நீயும் வாயேன், ஒரு கை பிடி" என்று அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "அந்த நாத்தத்துல எவன் நிப்பான்" என்பது அவன் வழக்கமான பதில்.

அந்த டாக்டராவது பார்க்க லட்சணமாக இருந்திருந்தால் ஒரு வகையில் நிம்மதி. சந்தேகப்பட்டுத் தொலைத்திருக்கலாம். தொப்பை, வழுக்கை, காதில் முடி. அவர் மனைவி வேறு ஒவ்வொரு முறையும் ஃபிளாஸ்க்கில் டீ போட்டு அனுப்புவாள், இவனுக்கும் சேர்த்து. சந்தேகப்படக்கூட வழி வைக்காத ஆளை என்னதான் பண்ணுவது?

டாக்டர் கேட்டுவிட்டுப் போன அன்று மத்தியானம் ஷெட்டைத் திறந்தான். விளக்கு சுவிட்ச் எங்கே என்று தடவித் தேட வேண்டியிருந்தது. டாக்டருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தான். உடனே அப்படி நினைத்ததற்காக எரிச்சல்பட்டான்.

வண்டியின் பின்பக்க ஓடும் கதவும் முடிந்து சுவரில் சாய்ந்திருந்தன. பாக்கி இருந்தது முன்பக்க மூக்கு மட்டும். நுரைப்பலகையில் மூக்கைச் செதுக்கி, மேலே பட்டி பூசி, தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பாக்கியிருந்தாள். இதைப் பிளக் என்பார்கள். பிளக்கின்மேல் ஃபைபரை ஒட்டி உரித்தால் அச்சு. அந்த அச்சுக்குள் மறுபடி ஒட்டி உரித்தால் பொருள். இந்த மூக்கு நடுவில் உப்பி, அடியில் உள்வாங்கி இருந்ததால் அச்சை ஒரே துண்டாக எடுத்தால் கழன்று வராது. நெடுக்குவாட்டில் இரண்டு பாதியாக எடுத்து, ஓரத்தில் பட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளைச் சேர்த்து போல்ட் போட வேண்டும். இடது பாதி முடிந்து பிளக்கின்மேலேயே உட்கார்ந்திருந்தது. வலது பாதி வெறுமையாகப் பளபளத்தது.

இடது பாதியின் முதுகைப் பார்த்தான். காய்வதற்கு முன் கையுறையோடு அழுத்திய தடங்கள் அப்படியே இறுகிப் போயிருந்தன. சின்னக் கை சில இடங்களில், பெரிய கை சில இடங்களில், ஓரிடத்தில் இரண்டும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று. அவன் கை எங்கேயும் இல்லை. இருக்காதுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டவன் கை எப்படி இருக்கும்?

வலது பாதியை நானே போடுவேன் என்று அங்கேயே முடிவு செய்தான். அவள் விட்டுப்போனதில் பாதியாவது தன்னுடையதாக இருக்க வேண்டும். அதில் அந்த ஆளின் விரல்கூடப் படக் கூடாது.

டாக்டருக்கு போன் பண்ணி, "நானே முடிச்சுக்கறேன்" என்றான்.

"நீங்களா?" என்றார் டாக்டர். பிறகு, "நல்லது தம்பி. முதல்ல ஒரு தடவை நான் வந்து…"

"வேண்டாம் டாக்டர். வீடியோ எல்லாம் பார்த்துட்டேன்."

பார்த்தது உண்மைதான். ஆபீசில் உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். கண்ணாடி இழைப் பாயை எப்படி வெட்டுவது, ரெசினில் ஹார்டனர் எவ்வளவு கலப்பது, மெழுகை எத்தனை முறை பூசி எத்தனை முறை துடைப்பது, எல்லாம் பார்த்தான். வீடியோவில் காட்டியதெல்லாம் ஒரே துண்டு அச்சு. அது அவனுக்கு உறைக்கவில்லை.

இடது பாதியைப் போடும்போது நடுவில் தடுப்பாக நிறுத்தியிருந்த பலகையைக் கழற்றி, அதன் இடுக்கில் அப்பியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்ததும் இடது பாதியின் விளிம்பு தெரிந்தது. அதில் வரிசையாக வட்டக் குழிகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு.

அவன் உள்ளம் குளிர்ந்தது. தப்பு கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. இப்படிக் கண்ணில் அறைகிற தப்பை ஆபீசில்கூடப் பார்த்ததில்லை. காற்றுக் குமிழியை விட்டுவிட்டார். டாக்டராம் டாக்டர்! அவள் இவ்வளவு கவனக்குறைவாக விட்டிருக்க மாட்டாள், இது அந்தத் தடிக் கையின் வேலைதான் என்று தீர்ப்பும் எழுதினான். உப்புத்தாள் எடுத்து விளிம்பின் பளபளப்பு போகும்வரை தேய்த்தான். குழிகளில் பட்டியை நிரப்பி, காய்ந்ததும் மறுபடி தேய்த்துச் சமமாக்கினான். சீட்டியடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரும் இல்லாத வீட்டில் சீட்டியடித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான்.

பிறகு பிளக்கின் வலது முகத்துக்கு மெழுகு. பூசினான், துடைத்தான், பூசினான், துடைத்தான். தோள் கழன்றுபோனது. விளிம்புக்குப் பூசவில்லை. மூக்கின் முகத்துக்குத்தானே மெழுகு, ஓரத்துக்கு எதற்கு என்று அவன் அறிவு சொன்னது.

சனிக்கிழமை பாயை ஒட்டினான். ரெசின் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினான். டப்பா கையைச் சுட்டது. அவசர அவசரமாகத் தேய்த்தான். சில இடங்களில் பாய் மடிந்து தடித்தது. அதன்மேல் இன்னொன்றைப் போட்டு மூடினான். நெடியில் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக் கை சும்மா இல்லை, வழியட்டும் என்று விட்டான். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அவள் போன பிறகு முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

மறுநாள் காலையில் மச்சினி வந்தாள். அக்கா போனதிலிருந்து ஞாயிறுதோறும் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து அவனைத் திட்டிவிட்டுப் போவது அவள் வழக்கம்.

"முட்டையைத் தவிர இதுல ஒண்ணுமே இல்லையே மாமா. கோழிக்குப் பொறந்தீங்களா?"

"அதை விடு. ஷெட்டுக்கு வா, ஒண்ணு காட்டறேன்."

வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். "நீங்க போட்டதா? தனியாவா?"

"தனியா."

"டாக்டர் வரலை?"

"எதுக்கு? அவர் போட்ட பாதியில ஓட்டை ஓட்டையா இருந்தது. அதையும் நான்தான் அடைச்சேன்."

மச்சினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஆள் பேரை எடுத்தாலே உங்க மூஞ்சி போற போக்கைப் பாருங்க. பச்சை வயித்தெரிச்சல்."

"எனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"அப்ப சரி. கழட்டுங்க, பார்ப்போம்."

மர ஆப்பை இரண்டு விளிம்புக்கும் நடுவில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினான். நடு என்று ஒன்று இல்லவே இல்லை. இன்னும் பலமாகத் தட்டினான். ஆப்பு முனை மழுங்கியது. சுற்றிச் சுற்றி வந்து நாலா பக்கமும் தட்டினான். சட்டை நனைந்தது. இரண்டு பாதியும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்ததுபோல் கம்மென்று இருந்தன. உள்ளே பிளக் மாட்டிக்கொண்டு கிடந்தது.

"என்ன மாமா, வர மாட்டேங்குதா?"

"வரும்."

"எப்ப? என் பொண்ணு கல்யாணத்துக்கா?" அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. "நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

டாக்டர் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே போய்க் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து, வாயைத் திறக்கச் சொன்னவர்போல் விளிம்பைச் சுற்றிப் பார்த்தார்.

"உதட்டுக்கு மெழுகு போட்டீங்களா?"

"எந்த உதட்டுக்கு?"

"இந்த விளிம்புக்குத்தான். நாங்க உதடுன்னு சொல்லுவோம்."

"இல்லை."

"குழி எல்லாம் இருந்ததே?"

"அடைச்சுட்டேன். தேய்ச்சு, பட்டி வச்சு."

டாக்டர் நிமிர்ந்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "தம்பி, அது மேஸ்திரி வேணும்னே வச்ச குழி. இந்தப் பாதியில குழி, அந்தப் பாதியில அதுக்கேத்த முட்டு வரும். ஒவ்வொரு தடவை சேர்க்கும்போதும் இம்மி பிசகாம உட்காரும். அதை அடைச்சுட்டு, வழவழப்பைத் தேய்ச்சு எடுத்துட்டு, மெழுகும் போடாம… ஒட்டணும்னா என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சிருக்கீங்க. நான் ஒட்டியிருந்தாக்கூட இவ்வளவு நல்லா ஒட்டாது."

மச்சினி திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

அந்தக் குழிகள் அவள் வைத்தவை. அவள் வேண்டுமென்று வைத்ததை டாக்டரின் தப்பு என்று நினைத்துச் சந்தோஷமாக அடைத்திருக்கிறான். அவனுக்குக் காது சுட்டது.

"இப்ப என்ன பண்றது?"

"ஏதாவது ஒரு பாதியை அறுத்து எடுத்துத்தான் ஆகணும். அறுத்த பாதி அவ்வளவுதான். பிளக்கும் இன்னொரு பாதியும் பிழைக்கும்." டாக்டர் கட்டர் மெஷினை எடுக்க நேரே சரியான அலமாரிக்குப் போனார். "வலது பாதியை எடுத்துடலாம். புதுசுதானே."

"இடதை எடுங்க."

டாக்டர் நின்றார். "அது மேஸ்திரி போட்டது தம்பி."

"மேஸ்திரி மட்டும் போட்டது இல்லை. யார் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுல பாதி உங்க கை."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பச்சையாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. டாக்டரின் வழுக்கை சிவந்தது. மெஷினைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மச்சினி இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள்.

"நல்லா இருக்கு. சொத்துப் பிரிக்கிற மாதிரி எங்க அக்காவை நடுவுல கோடு போட்டுப் பிரிக்கிறீங்களா? இடது அவருக்கு, வலது உங்களுக்கு. கூடப் பொறந்தவ நான், எனக்கு என்ன? நுனியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"டாக்டர், நீங்க வாங்க, நான் டீ போடறேன். மாமா, எதை அறுக்கணுமோ நீங்களே அறுங்க. அறுத்துட்டு வந்து சொல்லுங்க."

இருவரும் வீட்டுக்குள் போனார்கள். அவன் மெஷினைக் கையில் எடுத்தான். இடது பக்கம் போய் நின்றான். எங்கே வைப்பது என்று பார்க்க விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். டங் என்றது. பானையைத் தட்டியதுபோல் ஒரே சீரான சத்தம். எங்கே தட்டினாலும் அதே சத்தம். வலது பக்கம் வந்து தட்டினான். ஓரிடத்தில் டொக். ஓரிடத்தில் டப். ஒரு மூலையில் சத்தமே இல்லை. உள்ளே காற்று புகுந்து பிரிந்திருந்தது. சூட்டில் ஓரம் ஒரு விரல்கடை வளைந்தும் இருந்தது.

நசுங்கிய வண்டிகளைத் தட்டிப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன். பொய் ரிப்போர்ட் எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், எழுதியதில்லை. இப்போது தானே தன்னிடம் கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை.

வலது பாதியின் ஓரமாக மெஷினை வைத்தான். வெள்ளைத் தூள் ஷெட்டை நிறைத்தது. மெழுகு போட்டிருந்த முகம் மட்டும் ஒழுங்காகக் கழன்று வந்தது. அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்திருந்தான். விளிம்பில் ஒட்டியிருந்த மிச்சத்தை அன்று முழுக்க உட்கார்ந்து அராவினான். டாக்டர் டீ குடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். எந்தப் பாதி என்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்த ஞாயிறு வரீங்களா?" என்று கேட்டான்.

"வரேன்."

"ஆனா ஒண்ணு. இந்தப் பாதியில நீங்க கை வைக்கக் கூடாது. பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும். வாயால மட்டும்."

டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வாய்தானே தம்பி என் தொழில்" என்றார்.

சொன்னபடியே செய்தார். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, பெரிய கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். எங்கேயாவது அவன் பிரஷ்ஷைத் தப்பாகப் பிடித்தால் கை துடிப்பது தெரியும், எழுந்திருக்க மாட்டார். "குழியை மறுபடி தோண்டுங்க. இன்னும் கொஞ்சம். போதும், போதும், நரம்பைத் தொட்டுடாதீங்க." "உதட்டுக்கும் மெழுகு. உள் உதடு, வெளி உதடு. ஆமா." "ஹார்டனரை அளந்து ஊத்துங்க தம்பி, அது தண்ணி இல்லை." அவன் பாயை விரித்து உருளையால் அழுத்தி ஓட்டினான். பாலாக வெளுத்திருந்த பாய் ரெசின் ஊறித் தெளிந்தது. இப்படி ஒரு விஷயம் கண்ணெதிரே நடக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இத்தனை ஞாயிறு இது நடந்திருக்கிறது. இதை முதலில் பார்த்தவர் வாளிமேல் உட்கார்ந்திருக்கிறார். பொறாமை அடியோடு போய்விட்டதென்று சொல்ல முடியாது. இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம் ஆப்பை வைத்துத் தட்டினான். மூன்றாவது தட்டில் படக் என்று ஒரு சத்தம். விளிம்புகளுக்கு நடுவே மயிரிழை விரிந்தது. இடது பாதி ஒரு பக்கம் சாய, வலது பாதி இன்னொரு பக்கம் சாய, நடுவில் பிளக் கீறலில்லாமல் நின்றது.

"கை எடுக்கலாமா?" என்றார் டாக்டர். தொடைக்கடியில் கை மரத்துப்போயிருந்தது.

"எடுங்க."

டார்ச்சோடு வந்து வலது பாதியின் உட்புறத்தை ஆராய்ந்தார். "மூணு சொத்தை. கடைவாய்ப் பக்கம். அடைச்சுடலாம். முதல் அச்சுக்கு இது ரொம்ப நல்ல பல்."

அந்தப் பாராட்டை வேண்டாம் என்று தள்ள அவனுக்கு மனம் வரவில்லை. இருவரும் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்தார்கள். ரொம்ப நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டான்.

"இங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்குவீங்க டாக்டர்?"

"பேச்சா?" டாக்டர் சிரித்தார். "நான்தான் பேசுவேன். அரசியல், பல்லு, பக்கத்து வீட்டு நாய். மேஸ்திரி வாயே திறக்க மாட்டாங்க. 'டாக்டர், கொஞ்சம் சும்மா இருங்க, இறுகுது' இதுதான் அவங்க என்கிட்ட பேசின நீளமான வாக்கியம். அத்தனை வருஷத்துல அவங்களுக்கு என்ன பிடிக்கும், எதுக்குக் கோபம் வரும்னுகூட எனக்குத் தெரியாது. சுபாவமே அப்படி, பேசாத சுபாவம்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "பேசாத சுபாவமா? அவளா?"

"ஏன், இல்லையா?"

"வீட்டுல வாய் ஓயாது. தூக்கத்துல மட்டும்தான் நிறுத்துவா. அதுவும் எல்லா நாளும் இல்லை."

டாக்டரின் முகம் மாறியது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் இறங்கிப்போனது. அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். சில வாரங்களாகக் கண்ணாடியில் அதைத்தான் பார்த்து ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தான்.

"என்ன பேசுவாங்க?" என்றார் டாக்டர். சாதாரணமாகக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

அவன் டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தான். மெதுவாகக் குடித்தான். அவர் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று விட்டான். அது இனித்தது, மறைப்பதற்கில்லை.

பிறகு வாளியை அவர் பக்கம் நகர்த்தி, "உட்காருங்க" என்றான். சொல்ல ஆரம்பித்தான்.